பெரட்டுக் களமும் ரோபோவும்: ஒரு முன்னுரிமைக் கோரிக்கை

எதிரே இருப்பது ஆளா, இயந்திரமா என்று சோதிக்கும் கலை 1997இல் ஆல்ட்டாவிஸ்டா தேடுபொறியில் பிறந்ததாகவும், லூயிஸ் வான் ஆனும் கூட்டாளிகளும் பின்னர் அதற்குக் 'கேப்ட்சா' என்று பெயர் சூட்டியதாகவும் மேற்கத்திய அறிஞர்கள் எழுதிவருகிறார்கள். இலங்கையின் நமுனுகுல மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது.

முதல் சான்று பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பது. விடிந்தும் விடியாததுமாக ஆட்கள் களத்தில் நிற்க, கணக்கப்பிள்ளை முகம் பார்த்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். ஆள் வராமல் பேர் மட்டும் வந்தால் சம்பளம் யார் மடியில் விழும் என்பது அவருக்குத் தெரியும். ஆள் திரட்டி மேற்பார்க்கும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்த காலத்தில் அது சின்ன விஷயமும் அல்ல. அடுத்த சான்று தகரச் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு எண் பொறித்த உலோக வில்லையைக் கொடுத்தே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ரோபோ பிறப்பதற்கு முன்பே ரோபோ அல்ல என்று நிரூபிக்கச் சொல்லப்பட்ட மக்கள் இவர்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

இனி நிகழ்காலம். சுற்றுலா ஊரான எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரரை நம்பி, பசறைப் பக்கம் ஒருவர் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார் என்று கொள்வோம். அவருடைய இணையத்தளத்தில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, செய்தி என்று நான்கு பெட்டிகள். நள்ளிரவில் ஒரு விசாரணை வருகிறது. பெயர்ப் பெட்டியில் வாயில் நுழையாத எழுத்துக் குவியல். செய்தியில் ஏழு இணைப்புகள். கூகுளின் முதல் பக்கத்தில் ஏற்றிவிடுவதாக ஒரு வாக்குறுதி. அறை வேண்டுமா என்ற பேச்சே இல்லை. அனுப்பியது ஆள் அல்ல, படிவங்களைத் தானாக நிரப்பும் ரோபோ நிரல். 'எனக்கும் ஒரு நகல் அனுப்பு' என்ற வசதியையும் அவர் வைத்திருந்தால் தொலைந்தார். ரோபோ அதில் ஊரார் முகவரிகளைப் போட்டு, குப்பையை அவர் பெயரிலேயே விநியோகிக்கும்.

படம் காட்டிச் சோதிக்கலாமே என்பார்கள். அந்தப் படங்களில் வருவது அமெரிக்கத் தெருவோரத்துத் தீயணைப்புக் குழாய். லயத்து வீடுகளின் தண்ணீர்ப் பீலியைக் காட்டினால் எங்கள் பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், கலிஃபோர்னியாக்காரர் விழிப்பார். 2023இல் அதே கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய சோதனைகளில் மனிதரைவிட ரோபோக்களே வேகமாகவும் சரியாகவும் தேறுகின்றன என்று காட்டினார்கள். தேறாத ரோபோவுக்கும் கவலையில்லை. கூலிக்குக் கேப்ட்சா தீர்க்கும் ஆட்களின் சந்தையை சான் டியேகோ ஆய்வாளர்கள் 2010இலேயே அளந்திருக்கிறார்கள்: ஆயிரம் படத்துக்கு ஏறத்தாழ ஒரு டொலர், சில இடங்களில் அதில் பாதி. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பதைப் போலத்தான், எடுத்த அளவுக்குக் காசு.

ஆகவே விருந்தாளியைத் தொல்லை செய்யாத பொறியே உத்தமம். படிவத்தில் ஐந்தாவதாக ஒரு பெட்டியை வைத்து, அதைக் கண்ணுக்குப் படாமல் மறைத்துவிட வேண்டும். மனிதர் அதைக் காணமாட்டார். கண்ட பெட்டியையெல்லாம் நிரப்பும் ரோபோ அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அந்தப் பெட்டியைப் படித்துக் காட்டாதபடியும், பிரவுசர் தானாக அதை நிரப்பாதபடியும் குறித்துவைக்காவிட்டால் நல்ல மனிதரே பொறியில் விழுவார். படிவம் திறந்து இரண்டு நொடிக்குள் நிரம்பி வந்தால் அதையும் தள்ளிவிடலாம். ஒரு விரலால் தட்டுகிறவர்கள் நாட்டில் இதனால் யாருக்கும் நட்டமில்லை.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ரஷ்ய எழுத்தில் வருவதெல்லாம் குப்பை என்று வடிகட்டி போடுகிறார்கள். 2023இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் இந்தியருக்கு அடுத்த இடம் ரஷ்யருக்கு. வடிகட்டி போட்டவரின் இரண்டு அறைகளும் சீசனில் காலியாகக் கிடந்தால், பழியை நமுனுகுல மழையின் மேல் போடக்கூடாது.