சுண்ணாம்புக்கல் போட்ட பாதை

கே: மலையிடுக்கில் ஆற்றை ஒட்டியே ஒரு சைக்கிள் பாதை, அதில் கார், பஸ் எதுவுமே வராது என்கிறார்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

ப: ஒன்றல்ல, பல இருக்கின்றன. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பீக் டிஸ்ட்ரிக்ட், 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அதன் நடுவிலும் தெற்கிலும் பரந்து கிடப்பது சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். கல்லின் வெளுப்பைப் பார்த்து அதற்கு ‘ஒயிட் பீக்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்த மேட்டை வை, டவ், மேனிஃபோல்ட் ஆகிய ஆறுகள் ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் ரயில்கள் ஓடின. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பிறகு மிஞ்சிய தடங்கள்தான் இன்றைய சைக்கிள் பாதைகள். வை ஆற்றோரம் போகும் மான்சல் டிரெயில் 8.5 மைல், அதாவது சுமார் 13.7 கிலோமீட்டர்.

கே: சுண்ணாம்பை வெற்றிலையில் தடவியதோடு சரி. அது எப்படி மலை ஆனது? ஆறு அதை எப்படி அறுத்தது?

ப: ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகே, வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலுக்கடியில் இருந்தது. சிப்பிகளும் பவளங்களும் கடல் அல்லிகளும் செத்துச் செத்துப் படிந்த ஓடுகளே இறுகிப் பாறையாயின. கடல் அல்லி என்பது பெயருக்குத்தான் அல்லி, உண்மையில் விலங்கு. அதன் தண்டு, சின்னச் சின்ன வட்ட வில்லைகளை அடுக்கியது போல இருக்கும். பாதையோரக் கல்சுவரில் மழை நனைத்த ஒரு கல்லை உற்றுப் பார்த்தால், சட்டைப் பொத்தான் அளவில், நடுவே துளையுடன் அந்த வில்லைகள் பதிந்திருப்பது தெரியும். தண்டு முழுதாகக் கிடைத்தால் மரை போட்ட ஆணி போலத் தோன்றும். அதனால் ஊர்மக்கள் அதை ‘டெர்பிஷயர் ஸ்குரூ’ என்கிறார்கள்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கும். குகைகளும் நிலத்தடி ஓடைகளும் உண்டாவது இப்படித்தான். பனியுகத்தில் நிலம் உறைந்து வெடிப்புகள் அடைபட்டபோது, நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. உருகிய பனிவெள்ளம் மேலாகப் பாய்ந்து பாறையை அறுத்தது. செங்குத்துச் சுவர்களோடு நிற்கும் இடுக்குகள் அந்த வெள்ளத்தின் வேலை.

கே: இவ்வளவு குறுகலான இடத்தில் ரயில் விடத் தோன்றியது யாருக்கு? சுற்றிப் போயிருக்கலாமே?

ப: மான்செஸ்டருக்கும் லண்டனுக்கும் இடையே தனக்கென ஒரு வழி வேண்டும் என்று மிட்லண்ட் ரயில்வே விரும்பியது. மேட்டில் ஏறினால் ரயிலுக்கு மூச்சு வாங்கும். ஆற்றைப் பிடித்துப் போனால் வாட்டம் சீராக இருக்கும். நிலப்பிரபுக்களையும் சமாளிக்க வேண்டியிருந்தது. பேக்வெல் என்ற ஊருக்குத் தெற்கே ஹேடன் ஹால் மாளிகையிலிருந்து பார்த்தால் ரயில் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே ஒரு சுரங்கம் கட்டினார்கள். 1863-இல் இந்தத் தடம் திறக்கப்பட்டது. மான்சல் பள்ளத்தாக்கின் குறுக்கே ஐந்து வளைவுகளோடு பாலம் எழுந்ததற்காகக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கொதித்துப் போனார். அரை மணிப் பயண வசதிக்காக ஒரு தெய்வீகப் பள்ளத்தாக்கை அழித்துவிட்டார்கள் என்பது அவர் கோபம். இன்று பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் அந்தப் பாலமும் இருக்கிறது. ரஸ்கினின் கோபம் நியாயமானது. பாலம் அழகானது என்பதும் உண்மை. தடம் 1968-இல் மூடப்பட்டது.

கே: சுரங்கத்துக்குள் சைக்கிளா? இருட்டில் பயமாக இருக்காதா?

ப: 1981-இல் பாதை திறந்தபோது சுரங்கங்கள் பூட்டியே கிடந்தன. நடப்பவர்கள் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு மேடேறி இறங்க வேண்டியிருந்தது. 2011-இல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள நான்கு பெரிய சுரங்கங்கள் செப்பனிட்டுத் திறக்கப்பட்டன. பாதை அன்றுதான் முழுமை பெற்றது என்று சொல்லலாம்.

மான்சல் பாலத்தை ஒட்டியுள்ள ஹெட்ஸ்டோன் சுரங்கம் இவற்றுள் தனி அனுபவம். வாயிலில் நுழைந்ததுமே வெயில் அறுந்து, மண்பானையைத் திறந்தாற்போல் குளிர் முகத்தில் அடிக்கும். கூரைச் செங்கலில் நீராவி எஞ்சின்களின் கரி இன்னும் படிந்திருக்கிறது. எங்கோ சொட்டும் நீரின் ஓசையும் சரளையை அரைக்கும் டயரின் ஓசையும் மட்டும் கேட்கும். வளைவு திரும்பியதும் வெளிச்சம், சுரங்கம் முடிந்ததும் பாலம், கீழே வை ஆறு. இந்த ஒரு திருப்பத்துக்காகவே அவ்வளவு தூரம் போகலாம். பகலில் உள்ளே விளக்கு எரியும். பொழுது சாய்ந்ததும் அணைந்துவிடும் என்பதால் கைவசம் ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும்.

கே: வழியெல்லாம் அழகுதானா?

ப: இல்லை. லிட்டன் மில், கிரெஸ்புரூக் மில் என்ற இரண்டு பழைய பஞ்சாலைகள் ஆற்றங்கரையில் நிற்கின்றன. இடுக்கில் விழும் நீரின் விசையை நம்பி 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. ஆதரவற்ற குழந்தைகளைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். லண்டன் ஏழையர் விடுதியில் வளர்ந்து லிட்டன் மில்லுக்கு வந்து சேர்ந்த ராபர்ட் பிளின்கோ, அங்கே பட்ட அடியையும் பசியையும் பின்னாளில் சொல்ல, அது 1832-இல் நூலாக வந்தது. ஆலைகள் இப்போது குடியிருப்புகள். ஆற்றின் சலசலப்பைக் கேட்டுக்கொண்டு அவற்றைக் கடப்பவர்கள், அந்தப் பிள்ளைகளும் இதே ஓசையைத்தான் கேட்டிருப்பார்கள் என்று ஒரு கணம் நிற்பது தகும்.

கே: இந்த மாதிரிச் சரளைப் பாதைக்கு கிராவல் பைக் என்று தனியாக ஒன்று எதற்கு? சாதா சைக்கிள் போகாதா?

ப: மான்சல் டிரெயிலில் போகும். அது நன்றாக இறுக்கிய கப்பி ரோடு. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கூடப் போகலாம். பக்கத்துக் குதிரைத் தடங்களிலும், சுவர்களுக்கு நடுவே ஓடும் கரடுமுரடான மண்பாதைகளிலும் இறங்கும்போதுதான் கிராவல் பைக் கைகொடுக்கும். பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், மலை சைக்கிளுக்கு நெருங்கிய பல்சக்கரம், 40 மில்லிமீட்டர் அளவில் அகலமான டயர்: இவ்வளவுதான் அதன் சூட்சுமம். டயரில் காற்றைக் கல்லாக அடைக்கக்கூடாது. ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து, கார் டயரில் அடிக்கும் அளவை ஒட்டியே அடித்தால் போதும். டயர் சற்று அமுங்கிக் கல்லை அணைத்துப் போகும். கைக்கு அதிர்வு வராது.

பாதையில் இறுகிக் கிடப்பதும் பெரும்பாலும் இந்த ஊர்க் கல்தான். சுண்ணாம்பு ஜல்லியின் பொடி மழையில் நனைந்து காய்ந்தால் சிமென்ட் போலப் பிடித்துக்கொள்ளும். பாதைக்கு அது நல்லது, சைக்கிளுக்குக் கெடுதல். செயினிலும் பிரேக்கிலும் ஒட்டிய வெள்ளைச் சேற்றை ஈரம் காயுமுன் கழுவிவிட வேண்டும். காயவிட்டால் உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்க்கும். மில்லர்ஸ் டேல் அருகே பாதையோரம் மலைச்சுவரோடு சுவராக நிற்கும் சுண்ணாம்புக் காளவாய்களைப் பார்த்தால், இதே கல் ரயிலுக்குப் பாதையாகவும் சரக்காகவும் இருந்தது புரியும்.

கே: இடுக்கை விட்டு மேலே ஏறினால் என்ன இருக்கிறது?

ப: திறந்த வானமும் கல்சுவர்களும். ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை டிஸ்ஸிங்டன் டிரெயில் 13 மைல். அங்கே வந்து சேரும் ஹை பீக் டிரெயில் 17 மைல். பின்னது பழைய கிராம்ஃபோர்ட்–ஹை பீக் ரயில் தடம், 1831-இல் முடிந்தது. வாய்க்கால் கட்டும் மரபில் வந்த ஜோசையஸ் ஜெஸ்ஸப் போட்ட திட்டம் அது. வாய்க்காலுக்கு மதகு வைப்பதுபோல, சமதளமாக ஓட்டி, இடையிடையே செங்குத்தான சரிவுகளை வைத்து, நீராவி எஞ்சினால் வண்டிகளை இழுத்து ஏற்றினார்கள். மிடில்டன் சரிவில் ஏறக்குறைய எட்டடிக்கு ஓரடி ஏற்றம். 1829-இல் செய்த எஞ்சின் அதன் உச்சியில் இன்னும் இருக்கிறது. இறங்கும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

மேட்டில் ஆறு கிடையாது. பெய்யும் மழை கல்லுக்குள் போய்விடும். அதனால் இங்கே கிணறுகளும் ஊற்றுகளும் கொண்டாடப்படுகின்றன. இயேசு விண்ணேற்ற நாளை ஒட்டி டிஸ்ஸிங்டன் கிராமத்தில் கிணறுகளுக்கு அலங்காரம் நடக்கும். மரச்சட்டத்தில் ஈரக் களிமண் பூசி, ஒவ்வொரு பூவிதழாக அழுத்திச் சித்திரம் செய்து கிணற்றடியில் நிறுத்துவார்கள். தண்ணீரின் அருமை தெரிந்தவர்களின் பூக்கோலம்.

கே: இதற்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ப: மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கில் உண்டு. 1904-இல் அங்கே ஓடத் தொடங்கிய குறுகிய பாதை ரயிலை அமைத்தவர் எவரார்ட் கால்த்ரோப். மராட்டியத்தில் பார்சி லைட் ரயில்வேயைக் கட்டிய அதே பொறியாளர். இரண்டுக்கும் தண்டவாள அகலம் இரண்டரை அடிதான். முப்பது ஆண்டில் ரயில் நின்றது. 1937-இல் தடம் நடைபாதையாயிற்று. கோடையில் இங்கே ஆறே காணாமல் போகும். நீர் படுகையின் பிளவுகளில் இறங்கி, இலாம் அருகே மீண்டும் வெளியே வரும். ஒன்று சொல்லியாக வேண்டும்: இந்தப் பாதையில் தார் போட்டிருக்கிறார்கள்; ஸ்வைன்ஸ்லி சுரங்கம் உட்பட ஒரு பகுதியில் கார்களும் வரும்.

கே: மற்றப் பாதைகளில் கார் இல்லை என்றால் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் பறக்கலாமா?

ப: கூடாது. நடப்பவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், குதிரைக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான பாதைகள் இவை. குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுக்க வேண்டும். மனிதக் குரல் அதற்குப் பழக்கம். டவ்டேல் இடுக்கில் சைக்கிளுக்கு இடமில்லை. அதை நடந்துதான் பார்க்க வேண்டும்.

கே: ஒரே நாள்தான் கிடைக்கிறது. எங்கே தொடங்கலாம்?

ப: பேக்வெல்லில். அங்கிருந்து மேற்கே போகப் போக மான்சல் டிரெயில் மெல்ல ஏறும். காலில் தெம்பு இருக்கும் காலைப் பொழுதில் பிளாக்வெல் மில் வரை ஏறிவிட்டு, திரும்பும்போது இறக்கத்தில் வரலாம். விளக்கு அணையுமுன் ஹெட்ஸ்டோன் சுரங்கத்தைத் தாண்டிவிட வேண்டும்.