இதுதான் கடைசி!

ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி லண்டனில் நடந்தாலும் சரி, சிகாகோவில் நடந்தாலும் சரி, கூட்டத்தில் இவர் இருப்பார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். டி-ஷர்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், குழுவின் சின்னமான அந்தச் சிவப்பு நாக்கு, தொப்பையின் புண்ணியத்தில், வாங்கியபோது இருந்ததைவிட இப்போது இரண்டு அங்குலம் அகலம். பக்கத்தில் நிற்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் முழங்கையால் ஓர் இடி இடித்து, ரகசியக் குரலில் சொல்வார்: “நல்லாப் பாத்துக்குங்க சார். இதுதான் கடைசி.”

இதை அவர் முதன்முதலில் சொன்னது 1982 ஜூனில், வெம்ப்ளி மைதானத்தில். அப்போது குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு வயது 38. “முப்பத்தெட்டு வயசுக்கு மேல எவனாவது ராக் பாடிக்கிட்டுத் திரிவானா?” என்றார். நியாயமான கேள்விதான். 2024இல் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ சுற்றுப்பயணம் முடிந்த அன்று ஜாகருக்கு 81 பிறக்க ஐந்து நாள் பாக்கி. நம்மவர் அதையும் விடவில்லை.

ஆதாரம் கேட்டால் 1965இலிருந்து ஆரம்பிப்பார். அந்த வருஷம் பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவர்கள் பாட்டின் பெயரே ‘தி லாஸ்ட் டைம்’. “அப்பவே சொல்லிட்டாங்க, நாமதான் கவனிக்கலை.” 1993இல் பில் வைமன் விலகினார். பேஸ் கிடார் போனால் அஸ்திவாரம் போன மாதிரி என்று தீர்ப்பு எழுதினார். மறு வருஷமே டாரில் ஜோன்ஸைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். 2006இல் கிடார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸ் ஃபிஜியில் மரத்திலிருந்து விழுந்து, தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. விழுந்ததைக் கணக்கில் எடுப்பதா, அறுபத்திரண்டு வயதில் மரம் ஏறியதைக் கணக்கில் எடுப்பதா என்று கொஞ்சம் குழம்பினார். பிறகு, ஏறியதை விட்டுவிட்டு விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். 2019 ஏப்ரலில் ஜாகருக்கு இதய வால்வு சிகிச்சை. ஜூனில் மனிதர் சிகாகோ மேடையில் ஓடிக்கொண்டிருந்தார். நம்மவருக்கு முழங்கால் மாற்றியபோது மாடிப்படி ஏறவே அரை வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம். அதை யாரும் அவர் எதிரில் பேசக்கூடாது.

கச்சேரியில் பாட்டு கேட்க அவருக்கு நேரம் ஏது? பைனாகுலர் முழுக்கக் கீத்தின் விரல் மூட்டுகளில்தான் இருக்கும். மூட்டுவாதம் வீங்க வைத்த விரல்கள் அவை. கீத் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்து தந்தியில் வாசிக்கப் பழகிப் பல காலம் ஆகிறது. “அடுத்து அஞ்சாவதும் போயிடும் பாருங்க” என்பார். நடுவில் கீத் தன் பாட்டுகளைப் பாட வரும்போது ஜாகர் உள்ளே போய்விடுவார். கூட்டத்தில் பாதி பீர் வாங்கப் போகும். இவர் மட்டும் அசையாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜாகர் உள்ளே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நீளமான நடைமேடையில் ஜாகர் ஓடிப் போவது பெரிதல்ல, திரும்பி வரும்போது ஓடுகிறாரா நடக்கிறாரா? கடைசியில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் குனிகிறார்களே, அது பாசமா, பிடிமானமா?

மற்றக் குழுக்களின் சரித்திரமும் அவருக்கு அத்துப்படி. ‘தி ஹூ’ 1982இல் விடைபெற்றார்கள், 1989இல் வந்துவிட்டார்கள். ஸ்கார்பியன்ஸ் 2010இல் பிரியாவிடை அறிவித்துவிட்டு இன்னும் பிரிந்தபாடில்லை. மோட்லி க்ரூ 2014இல் இனிமேல் பயணமே இல்லை என்று வக்கீல் வைத்துப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 2019இல் அந்தப் பத்திரத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். இந்த விஷயத்தில் ஸ்டோன்ஸ்காரர்கள் யோக்கியர்கள். விடைபெறுகிறோம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொன்னதில்லை. அதுதான் இவருக்குத் தீராத தலைவலி. சொல்லியிருந்தால், பொய் என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே!

ஒரே ஒரு தடவை அவர் வாயைத் திறக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 24. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் எண்பது வயதில் இறந்துபோன நாள். ஆருடம் சொல்லவில்லை, ஆதாரம் காட்டவில்லை. பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, டிரம்ஸை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி அவர்கள் வாசித்தாலும் தான் போவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்தார். ஒரு மாதம் கழித்து செயின்ட் லூயிஸில் ஸ்டீவ் ஜோர்டான் டிரம்ஸில் உட்கார, பயணம் தொடங்கியது. “சத்தியம் என்னாச்சு?” என்று மனைவி கேட்டார். “போனதே சார்லிக்காகத்தான்” என்றார். அந்த அம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. இவரோடு குடித்தனம் நடத்துகிறவர்.

இவருக்கு ஒரு ஜோடி உண்டு: ‘இன்னும் இருக்கு’ கட்சிக்காரர். அவர் வாதமும் லேசுப்பட்டதல்ல. மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து பெயர் எடுத்த குழு இது, புளூஸ்காரர்கள் என்றைக்கு ஓய்வு பெற்றார்கள், பி. பி. கிங் 89 வயதிலும் மேடையில் உட்கார்ந்து வாசிக்கவில்லையா என்பார். 2024 பயணத்துக்கு விளம்பர ஆதரவு தந்தது ‘ஏஏஆர்பி’, அமெரிக்காவில் ஐம்பது தாண்டியவர்களுக்கான அமைப்பு. “பாத்தியா, பென்ஷன்காரங்க சங்கமே வந்தாச்சு” என்றார் நம்மவர். “பென்ஷன்காரங்க கையிலதான்டா காசு இருக்கு, இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்றார் மற்றவர்.

1989இலிருந்து இருவருக்கும் ஒரு பந்தயம். தோற்றவர் ஒரு பைன்ட் பீர் வாங்கித் தரவேண்டும். குழு நிறுத்தினால்தான் தீர்ப்பு, அதனால் இருவரும் ஒரு சொட்டு குடித்தபாடில்லை. போன மாதம் பப்பில் ‘இன்னும் இருக்கு’க்காரருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

“ஏன்டா, அவங்க நிறுத்தறதுக்கு முன்னாடி நாம நிறுத்திட்டா?”

நம்மவர் கொஞ்சம் யோசித்தார்.

“உன் பையன்கிட்ட சொல்லி வை. என் பேரன் வந்து வாங்கிக்குவான்.”