ஹப் அண்ணை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே கிடக்கும் ஒழுங்கைகளில் ஏதாவதொன்றுக்குள் ஒரு போயா தினக் காலையில் போய்ப் பாருங்கள். தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், இரண்டு ப்ரியஸுக்கும் ஒரு வாகன்ஆருக்கும் நடுவில், பழைய மிற்சுபிஷி ஜீப் ஒன்று ஜக்கில் ஏறி நிற்கும். முன்சில்லு ஒன்று சுவரில் சாத்தியிருக்கும். பலகைக் கட்டையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை கிறீஸோடு ஒருவர் குந்தியிருப்பார். அவர்தான் ஹப் அண்ணை. ஒழுங்கைக்கு ஒழுங்கை பெயர் மாறும், கிறீஸ் மாறாது.

வங்கியிலோ காப்புறுதிக் கம்பனியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வாகனத்தை மிற்சுபிஷி என்று சொல்லமாட்டார். 'ஃபோர் டீஆர் ஃபைவ்' என்பார். அது எஞ்சினின் இலக்கம். இந்த நாட்டில் அந்த ஜீப்புக்கே அதுதான் பெயர். 2,659 சிசி டீசல் எஞ்சின். வில்லிஸ்காரனிடம் உரிமம் வாங்கி 1953இல் ஜப்பானில் செய்யத் தொடங்கி, 1998 வரை முகத்தை மாற்றாமல் செய்து தள்ளினார்கள் என்ற வரலாறு, லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் உங்களுக்குச் சொல்லப்பட்டுவிடும்.

நான்காம் மாடிக்காரருக்குத்தான் ஹப்பின் வரலாறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் பட்டாள ஜீப்புகள் மலிவாய் வந்த காலம். வாங்கியவர்கள் தார் றோட்டில் ஓடினால், தேவையில்லாத முன் அச்சும் கூடச் சுழன்று பெற்றோலைக் குடித்தது. ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் கம்பனி தொடங்கி, முன்சில்லைக் கையால் கழற்றிவிடவும் பூட்டவும் ஒரு ஹப்பை விற்பனைக்கு விட்டார். "1948, தம்பி. எங்கட நாட்டுக்கும் முன்சில்லுக்கும் ஒரே வருஷத்தில சுதந்திரம். இதில ஒண்டுதான் இன்னும் ஒழுங்கா வேலை செய்யுது" என்று சொல்லி, ஹப்பைத் தட்டிக் காட்டுவார்.

விஷயம் எளிமையானதுதான். சில்லின் நடுவே ஒரு வட்டத் திருகு. 'ஃப்ரீ' பக்கம் வைத்தால் சில்லு தன்பாட்டில் உருளும். உள்ளே அச்சுத்தண்டும் டிஃபரன்ஷலும் முன் ஷாஃப்ட்டும் சும்மா கிடக்கும். 'லொக்' பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு பல்லு வளையம் நகர்ந்து சில்லையும் தண்டையும் கோர்த்துப் பிடிக்கும். பிறகு நாலு சில்லு கியரைப் போட்டால் சேற்றிலும் ஏறும், சுரியிலும் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்கவேண்டும் என்பதுதான் ஒரேயொரு விதி.

இப்படிப்பட்ட ஹப் கட்டிய ஜீப் எங்கே போகிறது? சவோய் பக்கத்து மரக்கறிக்கடை. ஆடிவேல் நாட்களில் பம்பலப்பிட்டி. வருஷத்தில் ஓரிரு தடவை பஞ்சிகாவத்தை. இராத்திரி காணாமற்போன கண்ணாடியை விடியப் போய் அங்கேயே காசு கொடுத்து வாங்கலாம் என்பது கொழும்பின் பழைய பகிடி. அண்ணை போவது சீல் வாங்க. ஒரு சீலுக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குவார், ஜப்பான் ஒரிஜினலா என்று முகர்ந்தும் பார்ப்பார்.

கொட்டாஞ்சேனையிலும் இந்த இனம் உண்டு. ஆனால் அது வேறு கிளை. ஜம்பட்டா வீதியில் ஜீப்பை நிறுத்தவே இடமில்லாதபோது கழற்றிப் பரப்புவது எங்ஙனம்? ஆகையால் அங்கே வாய்வேலை மட்டும்.

சேர்விஸ் நாளின் சடங்கைச் சொல்லவேண்டும். மூடியைக் கழற்றி, சேர்கிளிப்பை எடுத்து, நட்டைத் தளர்த்தி, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, உள்ளங்கையில் கிறீஸ் உருண்டை வைத்து அதைப் பெயாரிங்கின் உருளைகளுக்கிடையே அழுத்தித் திணிப்பார். இதுவரை குறை சொல்ல இடமில்லை. பெயாரிங்குக்கு அப்படித்தான் ஊட்டவேண்டும். குழப்பம் அடுத்த கட்டத்தில். பெயாரிங்குக்குக் கொடுத்த அதே கை, ஹப்பின் உள்ளேயும் கிறீஸை அள்ளி அப்பும். கிண்ணம் நிறைந்து வழியும் வரைக்கும் அப்பும்.

களனியில் அவருக்கு ஒரு கராஜ் இருக்கிறது. வருஷத்துக்கொருமுறை போவார், திருத்துவதற்கல்ல, வாதாடுவதற்கு. அங்குள்ள பாஸ் சிங்களவர், கொழும்புத் தமிழ் கதைப்பார். "ஐயா, இது பெயாரிங் இல்லைதானே. இதுக்குக் கிறீஸ் வாசம் காட்டினா போதும். கூடினா வளையம் நகராது" என்பார். அண்ணை சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். "உந்த பாஸுக்குக் கிறீஸின்ர விலை தெரியும், குணம் தெரியாது."

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழசுகளின் விலை ஏறியது. அண்ணையின் நடையிலும் ஒரு ஏற்றம். "எவ்வளவு தந்தாலும் குடுக்கமாட்டன்" என்பார், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 2022இல் கியூஆர் காட்டி டீசல் அளந்து வாங்கிய மாதங்களில் ஜீப் அசையவில்லை. கிறீஸுக்குக் கியூஆர் இல்லாததால் சேர்விஸ் மட்டும் தடையின்றி நடந்தது.

இவ்வளவு ஆயத்தமும் ஒரு நாளுக்காகத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நாள், இதற்கெல்லாம் முன்பே, 2016 மே மாதம் வந்தது. களனி ஆறு பெருகியது. நாகலகம் வீதி அளவுமானியில் எத்தனை அடி என்று வானொலி சொல்லச் சொல்ல, கிரிக்கெட் ஓட்டம் கேட்பவர்போல எங்கள் ஒழுங்கை அண்ணை குறித்துக்கொண்டார். களனியில் இருந்த மைத்துனரின் கோல் வந்தது. "அத்தான், தண்ணி படிக்கு வந்திட்டுது. ஜீப்பைக் கொண்டு வாங்கோ."

அண்ணை படியிறங்கிய வேகத்தை அவர் மனைவி கல்யாண நாளில்கூடக் கண்டதில்லையாம். இடது ஹப் 'லொக்'குக்குத் திரும்பியது. வலது திரும்பவில்லை. குறட்டால் பிடித்தார். சுத்தியல் பிடியால் தட்டினார். மேலே ஏழு பல்கனியிலும் சனம். மூடியைத் திறந்தால், பழைய கிறீஸின் மேல் புதுக் கிறீஸும் அதன்மேல் இன்னும் புதுக் கிறீஸுமாய் அடைபட்டு, பல்லு வளையம் நகர ஒரு நூலிடை இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டத் தொடங்கினார். மத்தியானம் மறுபடி கோல். "அத்தான், நாங்கள் படகில ஏறிட்டம். நீங்கள் மினக்கெடாதேங்கோ."

பின்னேரம் மைத்துனர் குடும்பத்தோடு முச்சக்கர வண்டியில் வந்திறங்கினார். சில்லில்லாமல் நின்ற ஜீப்பைப் பார்த்து, "என்ன அத்தான், பழுதோ?" என்றார்.

"சேச்சே. சேர்விஸ்" என்றார் அண்ணை.

என் தீர்ப்பைக் கேட்டால், அந்த ஹப் பராமரிப்பில்லாமல் இறுகவில்லை, பராமரித்தே இறுகியது. மாதத்துக்கு ஒருமுறை நாலு சில்லில் ஒரு 16 கிலோமீற்றர் ஓட்டச்சொல்லி ரொயோட்டாக் கையேடே எழுதி வைத்திருக்கிறது, முன் உறுப்புகளில் எண்ணெய் படவேண்டுமென்று. இதைச் சொன்னால் அண்ணை விடமாட்டார்: "கொழும்பில எங்க இருக்கு மண் றோட்டு? காய்ஞ்ச தாரில நாலு சில்லு போட்டா கியர் முறுகும்." சரிதான். ஆனால் ஹப்பை மட்டும் பூட்டிவிட்டு, உள்ளே லீவரை இரண்டு சில்லிலேயே விட்டால் தாரில் ஒரு கேடும் வராது. முன்பக்கம் சும்மா சுழன்று எண்ணெய் குளிக்கும். உங்கள் ஒழுங்கையிலும் ஒரு ஹப் அண்ணை இருந்தால், கிறீஸ் டின்னை வாங்கி ஒளித்துவிட்டு, அடுத்த போயாவுக்கு அவரைக் களனிக்கு ஒருக்கால் போய்வரச் சொல்லுங்கள். போகும்போது 'லொக்', வந்ததும் 'ஃப்ரீ'. அதற்குமேல் அந்தச் சாமான் எதையும் கேட்பதில்லை.