டார்ச் பிடிக்க ஆளில்லை

"டொயோட்டா இஞ்சினைத் தூக்கிப் போட்டுருங்க அண்ணே, தலைவலியே இல்ல."

பிரிக்பீல்ட்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டுப் போனார். கையில் தே தாரிக் பொட்டலம், வாயில் யோசனை. அவருக்கென்ன? கிள்ளானில் ஹாப்கட் கடைக்குப் போனால், ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய காடிகள் குவிந்து கிடக்கும், ஒன்றைப் பொறுக்கி வந்துவிடலாம். என் எம்.ஜி.பி. 1965-இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்தது, 1798 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் என்றெல்லாம் அவரிடம் விளக்கி ஆகப்போவதென்ன?

இந்தக் கூரையில்லாக் காடியில் பினாங்கு வரை, ஏறக்குறைய 350 கிலோமீட்டர், போய்வர என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன். அதற்குமுன் இந்த ஆலோசகர்களைப் பற்றி இரண்டு வார்த்தை.

பானெட்டைத் திறந்தால் போதும், ஆள் வந்துவிடும். முதல் ஆள் டயரை உதைப்பார். உதைத்து என்ன கண்டார் என்று சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். (நானும் பிறர் காடியை உதைப்பதுண்டு, அது பரிசோதனை.) அடுத்தவர், "எங்க எஸ்டேட் தொரை இதே காடிதான் வச்சிருந்தாரு" என்பார். இந்த நாட்டில் எம்.ஜி. வைத்திருந்ததாகச் சொல்லப்படும் தொரைமார் அத்தனை பேரும் நிஜமாகவே வாங்கியிருந்தால், ஆபிங்டன் தொழிற்சாலையை 1980-இல் மூடியிருக்க மாட்டார்கள். மூன்றாமவர் விலை கேட்பார். விற்பதில்லை என்றால் "சும்மா கேட்டேன்லா" என்பார், நகரமாட்டார்.

நான்காமவர் ஆபத்தானவர். ஜம்பர் கேபிளோடு வருவார். அந்தக் காலத்து எம்.ஜி.யில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பேட்டரியும் ஒன்றல்ல, 6 வோல்ட்டில் இரண்டு, சீட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். நான் கத்துவதற்குள் கறுப்புக் கேபிளைப் பாடியில் மாட்டப் போவார். கையைப் பிடித்தால் ரோஷம் வந்துவிடும்: "முப்பது வருஷமா லோரி ஓட்டுறேன், எனக்கேவா?"

ஐந்தாமவர் சக்கரத்துக்கு அதிகாரி. கம்பிச் சக்கரத்தின் நடுநட்டைச் செம்புச் சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டும்; இடப்பக்கம் ஒரு திசை, வலப்பக்கம் அதற்கு எதிர்த்திசை. எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் "ராங் சைட்" என்பார். ஆறாமவர் அவரை மறுப்பார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றும்போது காடிக்காரன் ஒருவன் இருப்பதே மறந்துபோகும். ஏழாவதாக ஓர் அம்மா: "கோர்ட்டுமலைப் பிள்ளையாருக்குப் பூசை போட்டாச்சா தம்பி? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சீங்களா?" இருப்பதிலேயே உருப்படியான யோசனை இதுதான்.

நேற்று பெட்ரோல் பம்ப் மௌனவிரதம். சாவியைத் திருப்பினால் பின்சக்கரத்துப் பக்கமிருந்து டிக் டிக் என்று கேட்க வேண்டும்; கேட்கவில்லை. காடிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "யாராவது டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றேன். ஒருவருக்குப் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டுமாம். ஒருவர் டபுள் பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தாராம். லோரி அண்ணனுக்குப் போன் வந்துவிட்டது. சந்தே காலி. பழைய காடி என்றால் செல்பிக்கு வரிசையில் நிற்கிறோம். காதால் கேட்டே எஸ்.யூ.வை டியூன் பண்ணுகிற போர்மன்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்துகிறார்கள், பக்கத்தில் நின்று தொழில் பழக ஒரு பையனைக் காணோம். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, பயணத் தயாரிப்பு. விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். நெரிசலுக்காக இல்லை, ஆலோசகர்கள் பசியாற வருமுன் ரவாங் தாண்டுவதற்காக. ஈப்போ கடந்து மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கலாம். கொதித்தால் ஓரம் கட்டுவேன். பானெட்டை மட்டும் திறக்கமாட்டேன். மூடியபடியே ஆறட்டும், பொழுது சாய்ந்தாலும் பரவாயில்லை.