அம்மா இருக்கும் அநாதைகள்

அநாதை என்றால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று நாம் இன்னும் பழைய பஞ்சாங்கத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறோம். ஹைட்டியில் அந்த நிபந்தனையை எப்போதோ தளர்த்திவிட்டார்கள். அந்தச் சின்ன நாட்டில் 750க்கும் மேற்பட்ட அநாதை இல்லங்கள், அவற்றில் சுமார் 30,000 குழந்தைகள். நூற்றுக்கு எண்பது பேருக்கு அம்மாவோ அப்பாவோ, சிலருக்கு இருவருமோ, உயிரோடு இருக்கிறார்கள் என்கிறது லூமோஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பின் 2017ஆம் ஆண்டு அறிக்கை. அந்த இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், பெரும்பாலும் அமெரிக்கத் தேவாலயங்களின் உண்டியலிலிருந்து, வருடத்துக்கு 7 கோடி டாலர் போய்ச் சேர்கிறதாம். இவ்வளவு பணம் காத்திருக்கும்போது பெற்றோர் சாகும்வரை பொறுத்திருக்க யாருக்கு நேரமிருக்கிறது?

இந்தத் தொழில் நடக்கிற விதம் எளிமையானது. ஹைட்டியில் பெரும்பாலான பள்ளிகள் தனியாருடையவை. கட்டணம், சீருடை, கறுப்பு ஷூ, பெண்பிள்ளையானால் தலைக்கு ரிப்பன், இத்தனையும் இருந்தால்தான் பள்ளிக்கூடம். மலைக்கிராமத்துத் தாய் ஒருத்தி இந்தக் காசுக்காக ஒரு கருணை அமைப்பின் கதவைத் தட்டினால், “அப்படியொரு திட்டம் எங்களிடம் இல்லையேம்மா” என்று கைவிரிப்பார்கள். பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லட்டும், எல்லாத் திட்டமும் முளைத்துவிடும். படிப்பு, சோறு, கட்டில், கொசுவலை, மூன்று வேளை ஜெபம். கூடவே சமையல்காரி சம்பளம், காவல்காரர் சம்பளம், இயக்குநர் ஐயாவின் ஜீப்புக்கு டீசல். அந்த டீசல் காசிலேயே ஒரு தெருவிலுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி படித்துவிடலாம் என்று கணக்குச் சொல்லிப் பாருங்கள், உங்களை இதயமில்லாதவர் என்பார்கள். அம்மா இடுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் படத்துக்கு எவன் பர்ஸைத் திறப்பான்?

கட்டடம் எழும்பிய பிறகு கட்டில் காலியாகக் கிடந்தால் நன்கொடையாளர் மனம் நோகும். ஆகவே ஆள்பிடிப்பவர்கள் கிராமங்களுக்குப் போகிறார்கள். படிக்கவைக்கிறோம், வயிறாரச் சாப்பாடு போடுகிறோம், நினைத்தபோது வந்து பார்க்கலாம் என்கிறார்கள். அதை நம்பித் தாய் பிள்ளையைக் கொடுக்கிறாள். கோடை விடுமுறைக்கு ஒரே நிறத்து டி-ஷர்ட் போட்ட இளைஞர் கூட்டம் விமானத்தில் வந்து இறங்கி, போன வருடம் வேறொரு கூட்டம் பெயின்ட் அடித்த அதே சுவருக்கு மறுபடி பெயின்ட் அடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறது.

2010 ஜனவரி 12இல் நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸைத் தரைமட்டமாக்கியது. பிணங்களை அள்ளி முடிப்பதற்குள், அந்த மாதம் 29ஆம் தேதியே, பெரும்பாலும் ஐடஹோ மாநிலத்துத் தேவாலயங்களைச் சேர்ந்த பத்து அமெரிக்கர்கள் 33 குழந்தைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் முறையான தாள் ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் நீச்சல் குளம், விளையாட்டு மைதானம் என்று ஆசை காட்டிய துண்டறிக்கையும் கர்த்தர் அனுப்பினார் என்ற நம்பிக்கையும்தான். கலெபாஸ் என்ற மலைக்கிராமத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தார்கள். குழந்தைகளை மீட்டு வேறொரு காப்பகத்தில் சேர்த்தபோது ஒரு சிறுமி, தான் அநாதை இல்லை, தனக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். கடத்தல் வழக்கு ஒவ்வொருவர் மேலிருந்தும் உதிர்ந்து, கடைசியில் தலைவி ஒருவர்மேல் மட்டும் நிலைத்த குற்றம் எது தெரியுமா? முறைகேடான பயண ஏற்பாடு! ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறிவிட்ட குற்றம்போல. சிறையில் இருந்த நாட்களே தண்டனையாகப் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். முப்பத்து மூன்று அமெரிக்கப் பிள்ளைகளைப் பத்து ஹைட்டிக்காரர்கள் பஸ்ஸில் ஏற்றியிருந்தால் என்ன தண்டனை கிடைத்திருக்கும் என்று யோசிக்க வேண்டாம், தூக்கம் கெடும்.

2020 பிப்ரவரியில் தலைநகருக்கு மேலே, கென்ஸ்காஃப் மலைப்பகுதியில் ஓர் இல்லம் இரவில் தீப்பிடித்தது. 15 உயிர்கள் போயின, பெரும்பாலும் குழந்தைகள். நடத்தியது பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு. அரசு அங்கீகாரம் இல்லை. மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் ஓடவில்லை, வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். அதே அமைப்புக்கு நியூயார்க்கில் பெயர்பெற்ற பழம்பொருள் அங்காடி ஒன்று உண்டு. பழைய மாளிகைகளிலிருந்து கழற்றிய கதவுகள், நிலைக்கண்ணாடிகள், சரவிளக்குகள் எல்லாம் அங்கே கிடைக்கும். சரவிளக்குகள்!

தேவாலயத்தை மட்டும் ஏன் சொல்ல வேண்டும், ஐ.நா. சபைக்கும் குழந்தைகள்மேல் அன்பு உண்டு. 2004 முதல் 2007 வரை அதன் அமைதிப்படையில் ஹைட்டிக்குப் போன இலங்கை ராணுவத்தினரில் குறைந்தது 134 பேர், ஒன்பது குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாக ஐ.நா.வின் உள் அறிக்கையே சொன்னது. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் அதை வெளியே இழுத்துப்போட்டது. பசித்த பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் சில்லறையும் காட்டியிருக்கிறார்கள். 114 பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்; ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. அந்தச் சீருடையைத் தமிழர்களுக்கு நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஐ.நா. கொடுத்த தொப்பி நீல நிறம், அவ்வளவுதான் புதிது.

பணம் எங்கே போயிற்று என்று கேட்பது இந்தத் துறையில் அநாகரிகம். ஆனாலும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கேட்டார்கள். நிலநடுக்கத்துக்கென்று திரட்டியது 50 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று 2015இல் புரோபப்ளிகாவும் என்.பி.ஆர். வானொலியும் எண்ணிச் சொன்னார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு வீட்டு வசதி செய்தோமே என்று சங்கம் சாதித்தது. அந்தக் கணக்கில், வீட்டை எப்படி ஒழுங்காகக் கட்டுவது என்று வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களும் அடக்கம்.

இதற்கெல்லாம் முந்திய கதை அரிசி. 1995இல் இறக்குமதி அரிசிக்கான வரியை 3 சதவீதமாக வெட்டவைத்து, அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்து அரிசியை ஹைட்டியில் கொட்டினார்கள். ஆர்த்திபொனீத் பள்ளத்தாக்கின் நெல் விவசாயி ஏர் கட்டிவைத்துவிட்டு நகரத்துச் சேரிக்குப் போனான். அது எங்கள் மாநில விவசாயிகளுக்கு நல்லதாக இருந்தது, ஹைட்டிக்கு இல்லை என்று, வரியை வெட்டவைத்தபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் 2010இல் செனட் குழுவின் முன் உருகினார். பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, ஆட்டிய கைக்கு வருமானவரி விலக்கு ரசீதும் எழுதிக்கொள்ளும் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

பெற்றவளிடமே உதவியைக் கொடுத்துப் பார்த்தவர்களும் இல்லாமலில்லை. ஃபோன்கோஸே என்ற உள்ளூர் அமைப்பு, பரம ஏழைப் பெண்களுக்கு ஆடும் கோழியும் கொடுத்து, வாராவாரம் கொஞ்சம் பணமும் தந்து, ஒன்றரை வருடம் வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை அம்மாவோடு இருக்கிறது. என்ன பிரயோஜனம்? இதில் வெள்ளைக்காரப் பையன் பெயின்ட் அடிக்கச் சுவரே இல்லை.

இத்தனை ஆண்டுப் பாசத்தையும் பார்க்கிறவர்கள், ஒரு ஹைட்டிக் குழந்தை அமெரிக்காவுக்கே வந்துவிட்டால் ஆரத்தி எடுப்பார்கள் என்று நினைக்கலாம். ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆயிரக்கணக்கான ஹைட்டிக் குடும்பங்கள் சட்டப்படி வந்து குடியேறி, தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, வரியும் கட்டிக்கொண்டிருந்தன. அங்கே அவர்கள் நாய் பூனைகளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று 2024 செப்டம்பர் 10ஆம் தேதி அதிபர் தேர்தல் விவாத மேடையில் டொனால்ட் டிரம்ப் முழங்கினார். அந்த வாரமே பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. குழந்தைகளை வகுப்பிலிருந்து வெளியேற்றினார்கள். ஆளுநர் மாநிலப் போலீஸை அனுப்பி, தினமும் காலையில் பள்ளிகளைச் சோதித்த பிறகே பிள்ளைகளை உள்ளே விடவேண்டியதாயிற்று. நன்கொடையாளர்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் படமாக ஒட்டிவைத்துக் கொஞ்சிய அதே முகங்கள்தான். செய்த தப்பு ஒன்றே ஒன்று: அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.