கூரையை உடைத்து வந்த தேவதை

கேள்வி: பரிசு வாங்கிய மேடை நாடகத்தை டி.வி.க்குக் கொண்டுவந்தால் உயிர் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும், கேமராவை முன்வரிசை நாற்காலியில் கட்டிப்போட்டால்!

டோனி குஷ்னரின் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா' 1993-இல் புலிட்சர் பரிசு பெற்றது. எய்ட்ஸ் பரவிய 1980-களின் நியூயார்க்கைச் சொல்லும் இரண்டு பாக நாடகம். இரண்டு மணி நேர சினிமாவுக்குள் அடங்காது. 2003-இல் எச்.பி.ஓ. டி.வி. சேனல் சுமார் ஆறு மணி நேரம் ஒதுக்கியது. திரைக்கதையை குஷ்னரே எழுத, மைக் நிக்கல்ஸ் இயக்கினார்.

மேடையில் தேவதை பறக்கும்போது கயிறு தெரிந்தாலும் பரவாயில்லை என்பது குஷ்னரின் கட்சி. நாடக ரசிகர் அதைச் சந்தோஷமாக மன்னிப்பார், டி.வி. ரசிகர் ரிமோட்டைத் தேடுவார். எனவே தொடரில் தேவதையாக எம்மா தாம்ஸன் கூரையைப் பிளந்துகொண்டு பளபளவென்று இறங்கினார்.

ஆனால் ஒரே நடிகர் பல வேடம் கட்டும் மேடை வழக்கத்தை நிக்கல்ஸ் கைவிடவில்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம். முதல் காட்சியில் சவப்பெட்டி முன்னால் தாடியோடு பேசும் முதிய யூத மதகுரு யார் தெரியுமா? மெரில் ஸ்ட்ரீப்! அவரே பிறகு மார்மன் தாய், அவரே உளவு வழக்கில் மரண தண்டனை பெற்ற ஈதல் ரோசன்பர்க்கின் ஆவி.

தொடர் 11 எம்மி விருதுகளை அள்ளியது. பிராட்வே மேடையில் நர்ஸ் பெலீஸ் வேடத்துக்கு டோனி விருது வாங்கிய ஜெஃப்ரி ரைட், அதே வேடத்துக்கு எம்மியும் வாங்கினார்.