இணைய வணிகச் சட்டத்தைக் கரைத்துக் குடிக்க ஆறு படிகள்

ஆன்லைனில் மிக்சி வாங்கினீர்கள். பெட்டியைப் பிரித்தால் மோட்டார் இருக்கிறது, ஜாரைக் காணோம். கஸ்டமர் கேரில் பேசியவர், உங்களிடம் எப்போதோ தீர்ந்துபோன பொறுமைக்கு நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார். இனி சட்டம்தான். வக்கீல் எதற்கு? நீங்களே ஆராயலாம்.

1. புத்தகம் வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. அதற்குப் பின் அச்சான எந்தப் பதிப்பும் போதும். திருவல்லிக்கேணி நடைபாதையில் பாதி விலைக்குப் பேரம் பேசலாம். அதில் 66ஏ பிரிவு இருந்தால் சிவப்பு மையில் கோடு போடுங்கள். "அதைத்தான் 2015-லேயே ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே!" என்று யாராவது குறுக்கிட்டால் அசராதீர்கள். அதன் பிறகும் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டு, 2021-இல் நீதிபதிகளையே திகைக்க வைத்த போலீசார் உங்கள் கட்சி.

2. பெயரில் தொழில்நுட்பம் இல்லாத சட்டத்தைத் தொடாதீர்கள். குறிப்பாக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகள் ஆபத்தானவை. புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்தில் குறைதீர் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும்.

3. கம்பெனியின் நிபந்தனைகளை வேதவாக்காகக் கொள்ளுங்கள். கடைசியில் பொடி எழுத்தில், "வழக்குகள் பெங்களூரு நீதிமன்றங்களில் மட்டுமே" என்றிருக்கும். உடனே ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் ஊர் திரும்பிய பிறகு படிக்கலாம்.

4. "நாங்கள் விற்பவரல்ல, வெறும் சந்தை" என்று கம்பெனி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவைக் காட்டினால், முதல் உட்பிரிவோடு புத்தகத்தை மூடுங்கள். உரிய கவனத்தோடு நடந்தவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு என்ற நிபந்தனை அடுத்த உட்பிரிவில் காத்திருக்கிறது.

5. நீங்கள் கேட்காத வாரண்டி பில்லில் ஏறியிருந்தால் கம்பெனியின் தாராள குணத்தை மெச்சுங்கள். இப்படிக் கூடைக்குள் சரக்கைத் திணிப்பது உட்பட 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டது. அதைப் பார்த்துவிட்டால் மெச்ச மனசு வராது.

6. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்டால், பழைய தீர்ப்பைப் பார்த்து 65பி என்றே எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டமே மாறி, அந்த விஷயம் 63-ஆவது பிரிவுக்குக் குடிபோய்விட்டது என்பதெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலின் கவலை.

ஆறு படிகளையும் பிசகாமல் ஏறினால் வழக்கில் ஒரு தரப்புக்கு வெற்றி நிச்சயம். எந்தத் தரப்புக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.